கூப்பிடாமல் போகாதவர்

தாலுகா அலுவலகத்தின் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் இரண்டு வகை. உள்ளே வரப் பயப்படுகிறவர்கள் ஒரு வகை. உள்ளே வந்தால் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக முடியும் என்று தெரிந்தவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத ஒருவரை என் பணிக்காலம் முழுவதிலும் நான் பார்த்தது ஒரே முறைதான். அவர் யாரும் கூப்பிடவில்லை என்பதால் வெளியே நின்றார்.

அறுபதுகளின் கடைசி. திருவள்ளூர் தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவு என்னுடையது. ஒருவன் பிறந்தான், இருக்கிறான், இன்ன ஊர்க்காரன், இவ்வளவு சொத்துள்ளவன், செத்தான் என்று எல்லாவற்றையும் அரசுக்குச் சொல்லும் பொறுப்பு என் மேஜையில் இருந்தது. அரசு நம்புவதற்கு நான் எழுத வேண்டும். நான் எழுதுவதற்கு, ஊர்க் கணக்கு வைத்திருக்கும் கர்ணம் எழுத வேண்டும். கர்ணம் எழுதுவதற்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

வாசலில் நிற்கும் டவாலிச் சேவகன் வந்து சொன்னான். காலையிலிருந்து ஒரு அம்மா கதவருகில் நிற்கிறார். என்ன வேண்டும் என்றால் சொல்லவில்லை.

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்ட்டேன் சார். நீ கூப்ட்டா செல்லாதுன்றாங்க. மேஜைக்காரரு கூப்பிடணுமாம். பேஜாரு புடிச்ச கேசு."

எட்டிப் பார்த்து, வாங்கம்மா என்றேன். வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கையில் ஒரு பை. செவ்வாப்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கொஞ்சம் நெல் நிலம், இரண்டு பெண்கள், பேச்சு முழுவதையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு கணவர். உட்காருங்கள் என்று சொல்லும்வரை நின்றார். சொன்ன பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு விமானத் தபாலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

மூத்த பெண் எழுதியிருந்தாள். கணித ஆசிரியருக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்தக் காலத்தில் நம் ஊர் வாத்தியார்கள் கூட்டம் கூட்டமாக ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். அவள் கணவர் ஜாம்பியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டுக் கடமை. மகள் வர முடியாததால் தாயை வரச் சொல்லியிருந்தாள். அந்தக் கடிதத்தில் ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "உன்னை எனக்குத் தெரியும். கூப்பிடாமல் வர மாட்டாய். அதனால் கூப்பிடுகிறேன், வா."

வெளிநாடு போக என்னென்ன வேண்டும் என்பதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு கெட்ட பெருமையும் உண்டு. நான் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவரின் முகம் சுருங்கிக்கொண்டே போகும். பாஸ்போர்ட் வேண்டும். அது கிடைக்க, வழியில் நீங்கள் திக்கற்று நின்றால் அரசு உங்களைக் கொண்டுவரும் செலவைத் திருப்பித் தருவேன் என்று சொத்துள்ள ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். அந்தச் சொத்து உண்மையில் இருக்கிறது என்று நான் சான்று தர வேண்டும். அம்மை ஊசி, காலரா ஊசி. கிண்டிக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி. மூன்றுக்கும் முத்திரை போட்ட சான்று. அங்கே கைச்செலவுக்கு வழி. போக மட்டுமல்ல, திரும்பி வரவும் டிக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே குடியிருப்பவர் எழுதிய அழைப்புக் கடிதம். வந்தவருக்குச் சோறும் இடமும் என் பொறுப்பு என்று அவர் அதில் எழுதியிருக்க வேண்டும்.

நான் முடித்தபோது அவர் முகம் சுருங்கவில்லை. நல்ல குடும்பத்துச் சம்பந்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவரைப்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நாயம்தானே சார். ஒருத்தர் ஊட்டுக்குள்ள போறதுன்னா சும்மாவா?"

திரும்பும் டிக்கெட்டை முன்பே காட்டுவது எதற்கு என்று மட்டும் கேட்டார். திரும்பிப் போவீர்கள் என்று நம்பினால்தான் உள்ளே விடுவார்கள் என்றேன். அதுவும் நியாயம் என்றார். விருந்துக்குப் போனால் வீட்டில் யாராவது திரும்பக் கூப்பிடுவதற்கு இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாதவர் விருந்தாளி இல்லை, ஒண்ட வந்தவர். இது அவர் சொன்ன விளக்கம். சட்டப் புத்தகத்தில் இதே விஷயத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள், இவ்வளவு தெளிவில்லாமல்.

விதிகளைத் திட்டாத ஒரு மனுதாரரை அன்றுதான் நான் முதன்முதலாகச் சந்தித்தேன். அவருக்குச் சொந்தமாக வைத்திருந்த விதிகள் அரசின் விதிகளைவிடக் கடுமையானவை என்பது பிறகு தெரிந்தது.

அவருடைய ஊர்க் கர்ணம் அதைப் பற்றி நிறையச் சொல்வார். அந்த அம்மாவின் உடன்பிறந்த தம்பி அடுத்த தெருவில் இருந்தார். தம்பி மகளுக்குக் கல்யாணம். அக்காவைத் தனியாகப் போய்க் கூப்பிடுவானேன், கல்யாணத்தை முன்நின்று நடத்த வேண்டியவரே அவர்தானே என்று தம்பி இருந்துவிட்டார். பத்திரிகையை ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினார். முகூர்த்த நாளன்று மேளச் சத்தம் இவர் வீட்டுக் கூரையில் விழுந்துகொண்டிருக்க, இவர் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, தட்டு வரிசையெல்லாம் எடுத்து வைத்து, தன் வீட்டு நடையில் உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லை. கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். தாலி எடுக்கும் நேரத்தில் தம்பி அரைகுறை வேட்டியோடு ஓடிவந்து, யக்கா வா என்ற பிறகு, தம்பிக்கும் முன்னால் இவர் ஓட்டமாகப் போய்ச் சேர்ந்தாராம்.

பஸ்ஸிலும் அப்படித்தான். கண்டக்டர் ஏறு என்று சொன்னால்தான் ஏறுவார். சொல்லாமல் போன பஸ்களை அவர் குறை சொன்னதில்லை. ரயிலில் அந்தத் தொல்லை இல்லை. அது தானே கூவிக் கூப்பிடுகிறது என்பார். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

சொத்துச் சான்றை நான் எழுதிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் வந்தது. ஊசிகளில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. அம்மை ஊசியை அவர் அதுவரை போட்டுக்கொண்டதே இல்லை. போட்டபின் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளர் பார்த்து எழுதினால்தான் சான்று செல்லும். குறித்த நாளில் இவர் போகவில்லை. ஆய்வாளர் என் நண்பர். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே ஊருக்குப் போனார். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "தாய் வந்திருக்குறா சார். ஊசி போட்டுக் கூப்ட்டுக்கினோம், வந்துட்டா. மூணு தண்ணி ஊத்தி மருவாதியா அனுப்பி வெக்காம நான் எப்டி வெளிய வர்றது?"

ஆய்வாளரை உள்ளேயும் அழைக்க முடியாது. அம்மன் இருக்கும் வீட்டுக்கு அன்னியரை அழைக்கக் கூடாது. கடைசியில் வேப்பிலைக் கொத்துகளுக்கு நடுவே ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. நடுத்தெருவில் நின்றபடி ஆய்வாளர் கொப்புளத்தைப் பார்த்துச் சான்று எழுதினார். பல வருஷம் இதை ஒரு நகைச்சுவையாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பாடு நடந்தவை தெரிந்த பிறகு நிறுத்திவிட்டார்.

எல்லாம் தயார். அழைப்புக் கடிதம்தான் பாக்கி.

மகள் எழுதியது போதாதா என்று அவர் கேட்டார். போதாது என்றேன். அவள் அங்கே தன் கணவரின் அனுமதியில் இருப்பவள். வேலையும் குடியிருப்பு அனுமதியும் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அழைக்க வேண்டும்.

"ஊட்டுக்காரரு கூப்பிடணும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். டவாலி கூப்பிட்டால் செல்லாது என்று வாசலில் நின்றவர் அல்லவா, அது அவருக்கு உடனே புரிந்தது.

மருமகனுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள் என்றேன். நானே எழுதியும் வைத்தேன். நாகரிகமான கடிதம். கேட்பதுபோலவே இருக்காது. அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு அழைப்பு இல்ல சார்."

மகளிடமிருந்து இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன. அவரிடம் சொல்லியிருக்கிறேன், எழுதுவார் என்று ஒன்று. சொல்லிக்கொண்டே இருக்கிறேன் என்று மற்றொன்று. கடைசியில் மருமகனே எழுதினார். இங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, அத்தை இவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம். அந்த மனிதர் கெட்டவர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சிக்கனமானவர் என்று கேள்வி. சிக்கனம் எந்த இடத்தில் முடிந்து மற்றது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்குச் சான்று கொடுக்கும் அதிகாரி எந்தத் துறையிலும் இல்லை.

அந்தக் கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவர் பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்து, பையின் வாயை மடித்தார். சரி, வேண்டாம்னு சொல்லிட்டாரு என்றார். எழுந்தவர் கதவுவரை போய், திரும்பி நின்று, போய்ட்டு வர்லாமா என்று கேட்டார். வெளியே போவதற்கும் அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு, ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் வாசலில் நிற்கவில்லை. டவாலியைத் தாண்டி, காத்திருந்தவர்களைத் தாண்டி, சேற்றுக் காலோடு நேராக என் மேஜைக்கு வந்தார். யாரும் கூப்பிடாமல் அவர் ஓர் இடத்துக்குள் நுழைந்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"செத்துப்பூட்டா சார். புள்ளையும்."

தந்தி வந்திருந்தது. அதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆறுதல் கேட்டு வந்தவர் அல்ல அவர். ஒரு நடைமுறை கேட்டு வந்திருந்தார்.

"சாவுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. காதுல விழுந்தாலே போவணும். இப்ப போலாமா சார்?"

தெரிந்ததைச் சொல்லும் வேலை என்னுடையது. சொன்னேன். இப்போதும் அழைப்புக் கடிதம் வேண்டும்.

"சாவுக்குமா?"

"சாவுக்கும்தாம்மா."

நியாயம்தானே என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தார். தரையில் சேற்றுக் கால்தடம் வருவதும் போவதுமாக இருந்தது. டவாலி அதைத் துடைக்கத் துணி எடுத்து வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, துடைக்காமல் போனான்.

இரண்டு மூன்று வருஷம் அவரை நான் பார்க்கவில்லை. மருமகன் அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதாகக் கர்ணம் சொன்னார்.

மறுபடி அவர் வாசலில் நின்றபோது கூடச் சின்னப் பெண்ணும் இருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், வாய் துடுக்கு. அம்மா நிற்பதைப் பொறுக்காமல் உள்ளே தலையை நீட்டி, "சார், கொஞ்சம் கூப்டுங்க சார், இல்லன்னா இன்னிக்கு பூரா இங்கியேதான்" என்றாள். கூப்பிட்டேன்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். அவருடையது அல்ல. மூத்தவளுடையது. வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் பாஸ்போர்ட்டை ரத்து செய்து வீட்டாருக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுடைய இரண்டு புடவைகளோடு அதுவும் வந்திருக்கிறது. வழக்கப்படி மேல் மூலையை வெட்டி, ரத்து என்று முத்திரை போட்டிருந்தார்கள்.

"இந்த மூலைய ஒட்டிக் குடுக்க எங்க எழுதணும் சார்?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு விஷயம் மெல்ல வந்தது.

சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. சுமங்கலியாக, இளம் வயதில் செத்துப்போன பெண் அந்த வீட்டின் பூவாடைக்காரி. வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதலில் அவளைக் கூப்பிட வேண்டும். ஏரிக்கரைக்கோ குளக்கரைக்கோ போய், செம்பில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, பம்பைக்காரர் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். செம்பைப் பிடித்திருப்பவரின் உடம்பு ஆடினால் அவள் தண்ணீர் வழியாக வந்துவிட்டாள் என்று அர்த்தம். அழைத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்து, புதுப்புடவை சாத்தி, அவள் சம்மதித்த பிறகுதான் பந்தக்கால். அவள் வராத கல்யாணத்துக்குப் பங்காளிகள் எவரும் வந்து நிற்க மாட்டார்கள்.

ஊர் ஏரியில் போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை பம்பைக்காரர் தொண்டை கிழியக் கூப்பிட்டார். செம்பு அசையவில்லை. வர மாட்டேன்கிறாள் என்று சொல்லிப் பம்பையைக் கழற்றி வைத்துவிட்டார். நாள் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான், ஆனால் தை வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு இடம் பார்ப்பார்கள் என்று அதற்குப் பொருள்.

அந்த அம்மா யோசித்து, ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மூலை வெட்டிய பாஸ்போர்ட்டோடு அவள் எப்படி வருவாள்?

பக்கத்து மேஜையில் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாஸ்போர்ட் இல்லாதவரை எந்த எல்லையிலும் நிறுத்துவார்கள் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் பாடத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார். கொஞ்சம் தூரம் கூடப் போய்விட்டார், அவ்வளவுதான்.

நான் பொறுமையாக விளக்கினேன். மூலையை வெட்டுவது செத்தவரைத் தடுக்க அல்ல. அந்தப் புத்தகத்தை வைத்து உயிரோடு இருக்கும் வேறொருவர் ஏமாற்றாமல் இருக்க. அதோடு, சொந்த ஊருக்குத் திரும்புகிறவரை யாரும் தடுக்க முடியாது. பாஸ்போர்ட் தொலைந்தவருக்குக்கூட ஒருவழிச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பித்தான் ஆக வேண்டும். இது சட்டம். வீட்டுக்கு வர அவளுக்கு எந்தக் காகிதமும் வேண்டாம்.

அவர் பாஸ்போர்ட்டைத் திரும்ப எடுத்து, வெட்டிய மூலையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப காயிதத்தால இல்ல" என்றார். "நான் நெனச்சதுதான். அவ கூப்ட்டா, நான் போவல. இப்ப நான் கூப்ட்டா அவ எப்டி சார் வருவா?"

சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். இதை அவர் வீட்டில் சொன்னதில்லை என்பது அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

முதலில் தான் அங்கே போக வேண்டும், போய்விட்டு வந்து கூப்பிட்டால்தான் அவள் வருவாள் என்றார். நிலத்தில் ஒரு துண்டை விற்க அவர் கணவர் சம்மதித்துவிட்டார். மருமகனிடமிருந்து அழைப்பு வராது. அது இல்லாமல் போக ஒரு வழி உண்டா? என் மூளை உடனே வேலை செய்தது. உண்டு. சுற்றுலாப் பயணி என்று மனுச் செய்யலாம். அதற்கு உறவினர் யாரும் அழைக்க வேண்டியதில்லை. தங்குவதற்கு ஒரு விடுதி, கைச்செலவுக்கு வழி, திரும்பும் டிக்கெட் இருந்தால் ஒரு சில நாள் இருந்துவிட்டு வரலாம். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றிப் பார்க்க என்று எழுதினால் போதும்.

"வேடிக்கை பாக்கன்னு எழுதணுமா?"

"ஒரு பேச்சுக்குத்தான். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எம்பொண்ண பொதச்ச எடத்த வேடிக்கை பாக்கவா?"

சொற்களை மாற்றிப் பார்த்தேன். நோக்கங்களின் பட்டியலில் சுற்றுலா இருந்தது, வியாபாரம் இருந்தது, உறவினரைக் காண்பது இருந்தது, வழியில் தங்கிச் செல்வது இருந்தது. தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்பது இல்லை. அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்பது தெரிந்துவிட்டது. தை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது சின்னவள் பேசினாள். "சார், ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் போவுமா?"

"பம்பாயிலிருந்து போகும்."

"கேட்டுக்கினியாம்மா? எல்லாம் ஒரே தண்ணிதான். ஏரித் தண்ணி ஏரியோட நின்னுடும். கடல் அப்டியில்ல. பழவேற்காட்டுல போய் நின்னா நீ அங்க போன மாதிரிதான்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். இந்த மாதிரி விஷயத்தில் மகள் சொல்வது அவருக்குச் செல்லாது. மேஜைக்காரர் சொல்ல வேண்டும்.

"நெசமா சார்? அந்த ஊருக்கும் இதே தண்ணிதானா?"

ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கமும் கிடையாது. சுற்றிலும் வேறு நாடுகள். கப்பலில் இறங்கினால் வேறொரு தேசத்தைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். அந்தத் தேசத்தைத் தாண்டுவதற்கும் தனி அனுமதி உண்டு. அதற்கு என்னென்ன வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

"ஆமாம்மா. அதே தண்ணிதான்" என்றேன்.

மறுநாள் அவரும் கணவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, என் மனைவிக்குக் குங்குமம் கொடுத்து, பழவேற்காட்டுக்கு வரணும் என்று அந்த அம்மா முறையாக அழைத்தார். அந்த அம்மாவிடமிருந்து வந்த அழைப்பை மறுக்கும் துணிவு எனக்கு இல்லை.

பொன்னேரிவரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு ஏரியைக் கடக்கப் படகு. பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு. அதைத் தாண்டினால்தான் கடல். படகுக்காரர் அந்தக் குப்பத்தைச் சேர்ந்த மீனவர். பம்பையைப் பார்த்துவிட்டு, யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று விசாரித்தார். மூத்த பொண்ணை என்றார் அந்த அம்மாவின் கணவர். நான் கேட்க அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"கடல்ல போச்சா நைனா?"

"இல்ல. கடலுக்கு அந்தாண்ட."

படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே யோசித்தார். "அந்தாண்டன்னா வர நேரமாவும். பதறாம கூப்டுங்க" என்றார்.

சின்னவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குக் கேட்காத குரலில், "அந்த நாட்டுக்குக் கடலே இல்ல சார். அட்லஸ்ல பாத்திருக்கேன்" என்றாள். தெரியும் என்றேன். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் என்றாள். பிறகு இருவரும் கொக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

கடற்கரையில் மணலைக் கூட்டி, விளக்கேற்றி, செம்பில் கடல்நீரை மொண்டு பூச்சுற்றினார்கள். சின்னவள் செம்பை ஏந்தி நின்றாள். பம்பை முழங்கியது. பம்பைக்காரர் மூத்தவளின் பெயரைச் சொல்லி, பிறந்த ஊரைச் சொல்லி, தங்கச்சிக்குக் கல்யாணம், தாயே வா என்று இழுத்துப் பாடினார். செம்பு அசையவில்லை. மறுபடி பாடினார். அசையவில்லை. பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா நடந்து தண்ணீர் ஓரத்துக்குப் போனார். அலை வந்து தொட்டும் தொடாமலும் போகும் இடத்தில் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். எங்கள் அலுவலக வாசலில் எப்படி நிற்பாரோ அப்படியே நின்றார். பம்பைக்காரர் எதையோ உணர்ந்து அடிப்பதை நிறுத்தினார்.

அவர் உரக்கப் பேசவில்லை. காற்று எங்கள் பக்கம் அடித்ததால் கேட்டது.

"கூப்ட்டியேம்மா. வந்துக்கினேன். லேட்டாயிட்டுது." கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள வர்லாமா?"

கடல் யாருடைய மனுவையும் படிப்பதில்லை. அதன் பாட்டுக்கு ஓர் அலை வந்தது, முந்தியவற்றைவிடப் பெரியது. அவர் இடுப்புவரை ஏறிவிட்டுப் பின்வாங்கியது. அவர் உள்ளே நடக்கத் தொடங்கினார். முழங்காலளவு, தொடையளவு. அடுத்த அலையில் தடுமாறி நிமிர்ந்தார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார்.

படகுக்காரர்தான் முதலில் பதறினார். அங்கே அடியில் இழுப்பு இருக்கிறது, வரச் சொல்லுங்கள் என்றார். அவர் கணவர் கால் மணலில் புதைய நின்றார், வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அவர் தம்பி வேட்டியை மடித்துக்கொண்டு இரண்டு அடி எடுத்து வைத்து, கடலைப் பார்த்துத் தயங்கினார். இன்னோர் அலை வந்தது. அவர் தலைமுடி அவிழ்ந்து நீரில் பரவியது. அழுகிறாரா, பேசுகிறாரா, எதுவும் தெரியவில்லை. எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். திரும்பி வரும் எண்ணமே இல்லாதவர்போல நின்றார்.

முதன்முதலில் என் மேஜைக்கு வந்த அன்று திரும்பும் டிக்கெட்டைப் பற்றி அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"யம்மா" என்று கூப்பிட்டாள். "ஊட்டுக்கு வா."

அவர் திரும்பவில்லை.

"நான் கூப்பிடறேன். எனக்குக் கல்யாணம். நீ வா."

அந்த அம்மா திரும்பினார். மகளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்ததுபோல இருந்தது. பிறகு ஒவ்வோர் அடியாக, நீரைத் தள்ளிக்கொண்டு வந்தார். சின்னவளின் உடம்பு தலைமுதல் கால்வரை நடுங்கிக்கொண்டிருந்தது. செம்பிலிருந்து தண்ணீர் தளும்பிப் பூக்கள் நனைந்தன. பார்த்ததும் பம்பை முழங்கியது. வந்துட்டா, வந்துட்டா என்று பங்காளிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது குளிரா, பயமா, அவளா என்று எவரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் சான்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

அந்த அம்மா செம்பை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கைக்குழந்தையை வைத்துக்கொள்வதுபோல. ஈரம் சொட்டச் சொட்டப் படகை நோக்கி நடந்தார். படகு மணலில் முக்கால்வாசி ஏறி நின்றது. அருகே போனவர் ஏறாமல் நின்றார்.

படகுக்காரர் எங்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார், இடுப்பிலிருந்த செம்பையும் பார்த்தார். கழியை மணலில் ஊன்றிப் படகு ஆடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏறும்மா. ரெண்டு பேரும் ஏறுங்க."